பியர்டட் டிராகனுக்கு லைட்டும் சூடும்: கடை கிட்டா, ஒரே பல்பா, ட்யூப் தனி ஹாலோஜன் தனியா?

மெல்பர்ன்ல எங்களுக்குத் தெரிஞ்ச ரெண்டு தமிழ் வீட்ல இந்த வருஷம் பியர்டட் டிராகன்ங்கற ஆஸ்திரேலியாப் பல்லி வளர்க்க வரப்போகுது, ரெண்டு வீட்லயும் பசங்க அடம்தான் காரணம். ரெண்டு பேரும் என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி, "எந்த லைட் வாங்கறது, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க". ஒருத்தர் ஏற்கனவே கடைல கிட் வாங்கி டப்பாவப் பிரிக்காம வச்சிருந்தார், இன்னொரு வீட்ல ஒரே பல்புல சூடு, யூவிபி (வெயில்ல வர்ற புற ஊதாக் கதிர்ல ஒரு வகை) எல்லாம் முடிஞ்சிரும்னு ஒண்ண ஆன்லைன் கார்ட்ல போட்டு வச்சிருந்தாங்க. போன்ல சொன்னா பாதி விட்டுப்போகுது, அதான் உக்காந்து எழுதிட்டேன்.

லைசன்ஸ் பத்தி ஒரு வரி மட்டும். ஆஸ்திரேலியால இது உள்ளூர் காட்டு உயிர், வளர்க்கற ரூல் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும், பல இடத்துல லைசன்ஸ் எடுத்தப்பறம்தான் வாங்கவே முடியும். அத உங்க ஸ்டேட் கவர்ன்மென்ட் வெப்சைட்ல பாத்துக்குங்க.

வேலி ஓணான நெனச்சுக்குங்க

ஊர்ல மத்தியான வெயில்ல வேலிக்கம்பு மேல ஓணான் உக்காந்து தலையாட்டிட்டு இருக்குமே, பியர்டட் டிராகன் அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி, ரெண்டும் அகாமிட்ங்கற ஒரே குடும்பம். நடு ஆஸ்திரேலியாவோட காஞ்ச நிலம்தான் இதுக்கு ஊர், அங்கயும் இது வேலிக்கட்டை, பட்டமரம், ரோட்டோரக் கல்லுன்னு ஏறி உக்காந்துதான் வெயில் காயும். உடம்புல சூடு பத்தலன்னா தட்டையா விரிச்சு நிறம் கருத்துக்கும், சூடு ஏறினா வெளுத்துப்போய் வாயப் பொளந்து உக்காரும், இன்னும் ஏறினா நிழலுக்கு ஓடிரும். இந்த ஓட்டம்தான் முக்கியம். அதுக்கு வெயிலும் வேணும், வெயில விட்டுப் போக எடமும் வேணும்.

அங்க சூரியன் ஒரே நேரத்துல மூணு வேலை பாக்குது, சூடு, வெளிச்சம், யூவிபி. யூவிபி தோல்ல பட்டாத்தான் வைட்டமின் டி3 உருவாகற முதல் படியே ஆரம்பிக்கும், அது டி3-யா மாறி முடிய உடம்பு சூடா இருக்கணும், அந்த டி3 இருந்தாத்தான் சாப்பாட்டுல போற கால்சியத்த உடம்பு எடுத்துக்கும். இந்தச் சங்கிலில எங்க அறுந்தாலும் உடம்பு எலும்புல இருக்கற கால்சியத்த எடுத்து செலவு பண்ண ஆரம்பிச்சிரும். இத நான் படிச்சு மட்டும் தெரிஞ்சுக்கல. எங்க வீட்டுக்கு வந்த முதல் டிராகன் பேரு கருப்பு, அவன் கடை கிட்லதான் வளந்தான். லைட் பளிச்சுன்னு எரிஞ்சுது, நல்லா சாப்பிட்டான், கால்சியம் பவுடரும் போட்டோம். எட்டாவது மாசம் பின்னங்கால் விரல் துடிக்க ஆரம்பிச்சுது, அப்பறம் கட்டை மேல ஏறவே முடியல, வயித்த தரைல இழுத்துக்கிட்டு நகந்தான். ஊர்வன பாக்கற வெட் எக்ஸ்ரே எடுத்துட்டு முதல்ல கேட்டதே "என்ன யூவி பல்ப், எவ்ளோ தூரத்துல"ன்னுதான். பொழச்சுட்டான், ஆனா பின்னங்கால் ஒண்ணு இன்னிக்கும் வளைஞ்சேதான் இருக்கு. மக அவன தூக்கும்போதெல்லாம் அந்தக் கால ரெண்டு விரலால தாங்கிப் பிடிச்சுக்குவா.

எத வச்சு எடை போடறது

விலைய கடைசில பாப்போம். முதல்ல இதெல்லாம்.

காயற எடத்தோட மேல்பரப்பு சூடு 38-லேர்ந்து 42 டிகிரிக்குள்ள இருக்கணும், கூண்டோட மறுகோடி 25 டிகிரி பக்கத்துல. நாலடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உசரம் கூண்டு இருந்தாத்தான் இந்த ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள சாத்தியம். வளந்த டிராகன் வாலோட 40-லேர்ந்து 60 செ.மீ வரும், அதனால வெயில் வட்டம் அதோட முழு உடம்பையும் மூடணும், நடு முதுகுல மட்டும் ஒரு புள்ளியா சுட்டா புண்ணாகும்.

அடுத்து யூவி. வெதர் ஆப்ல யூவி இன்டெக்ஸ்னு ஒரு நம்பர் வருமே, அதே கணக்குதான் இங்கயும். காரி ஃபெர்குசன்ங்கற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் பல்லியும் பாம்பும் காட்ல நெஜமாவே எவ்ளோ யூவி வாங்குதுன்னு அளந்து 2010-ல நாலு ஸோனா பிரிச்சாங்க, பியர்டட் டிராகன 3, 4-வது ஸோன்ல வைப்பாங்க. நமக்கு வேண்டியது, அது காயற எடத்துல முதுகு உசரத்துல 4-லேர்ந்து 6, அங்கேர்ந்து கொறஞ்சு கொறஞ்சு நிழல்ல சுத்தமா இல்லாம போகணும்.

மூணாவது, இந்த சூடும் யூவியும் ஒரே எடத்துல விழணும். ஒரு மூலைல சூடு, இன்னொரு மூலைல யூவின்னு வச்சா அது சூட்டத் தேடித்தான் போகும், யூவி பக்கம் எட்டியே பாக்காது.

நாலாவது, நிறைய பேர் யோசிக்காத விஷயம், ஒண்ணக் கொறைக்கணும்னா இன்னொண்ணு கொறையாம இருக்கணும். மெல்பர்ன்ல ஜனவரில 40 டிகிரி அடிக்கற நாளும் உண்டு, ஜூலைல காலைல வீட்டுக்குள்ளயே கை விரைக்கற நாளும் உண்டு. அதே செட்டப் ரெண்டையும் தாங்கணும்.

அப்பறம்தான் கரன்ட் செலவு, பல்ப் மாத்தற செலவு, தீ பயம்.

முதல் வழி: கடை கிட்

கண்ணாடித் தொட்டி, வலை மூடி, சுருள் மாதிரி இருக்கற காம்பாக்ட் யூவி பல்ப், ஒரு சின்ன சூடு பல்ப், சில கிட்ல சூடாகற கல்லு ஒண்ணு. எல்லாம் ஒரே டப்பால வந்துரும், அன்னிக்கு சாயங்காலமே மாட்டிடலாம், அதான் இதோட ஈர்ப்பு.

சூடு விஷயத்துல இது ஓரளவு தேறிடும். யூவிலதான் விழுந்துரும். சுருள் பல்போட யூவி பக்கத்துல இருந்தாத்தான் உண்டு, கொஞ்சம் தள்ளினா மளமளன்னு கொறையும், அது விழற வட்டமும் ஒரு உள்ளங்கை ரெண்டு உள்ளங்கை அகலம்தான். இதுல வலை மூடி வேற நடுவுல, வலை எவ்ளோ நெருக்கம்ங்கறதப் பொறுத்து மூணுல ஒரு பங்கோ பாதியோ அதுவே தடுத்துரும். கருப்புக்கு நடந்தது இதுதான், பல்ப் எரிஞ்சுது, அவன் முதுகுக்கு ஒண்ணும் வந்து சேரல.

சூடாகற கல்லப் பத்தி எனக்கு ரெண்டு கருத்து இல்ல, அத டப்பாலேர்ந்து எடுத்து தனியா வச்சிருங்க. இந்த ஜீவனுக்கு சூடுன்னா மேலேர்ந்து வர்றது, உச்சந்தலைல வெளிச்சத்த உணர்றதுக்குன்னே மூணாவது கண்ணு மாதிரி ஒண்ணு இருக்கு. வயித்துக்கு அடிலேர்ந்து வர்ற சூடு அளவு மீறினாலும் எந்திரிச்சுப் போகாம அங்கயே கெடந்து சுட்டுக்கும். ராத்திரிக்குன்னு தர்ற சிவப்பு பல்பும் வேண்டாம், சிவப்பு அதுக்கு நல்லாவே தெரியும், தூங்க விடாது.

மறைஞ்சிருக்கற செலவு என்னன்னா, பல்ப், ஹோல்டர், சில நேரம் தொட்டி உட்பட எல்லாத்தையும் ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப வாங்குவீங்க. எங்களுக்கு கிட்டுக்கு ஆன செலவ விட வெட்டுக்கு ஆனது ஜாஸ்தி.

அப்ப கிட்டு எப்பத்தான் சரி? தொட்டி நெஜமாவே நாலடி இருந்து தள்ளுபடில கிடைச்சா தொட்டிக்காக வாங்கலாம், பல்ப வேற போட்டுக்கலாம். இல்லன்னா உடம்பு சரியில்லாத டிராகன சில வாரம் சின்னப் பெட்டில தனியா வைக்கும்போது, பல்புக்கும் முதுகுக்கும் தூரம் கம்மியா இருக்கறதால சுருள் பல்ப் தற்காலிகமா ஓடும், அதுவும் கம்பெனி சொல்ற தூரத்துல வச்சா மட்டும்.

ரெண்டாவது வழி: மெர்குரி வேப்பர் பல்ப்

ஒரே பல்ப், அதுலயே சூடு, வெளிச்சம், யூவிபி மூணும். எம்விபின்னு சொல்வாங்க, 80, 100, 125, 160 வாட்ல வரும். கேக்கும்போதே சூரியன் மாதிரி இருக்குல்ல, ஒரு விதத்துல அப்படித்தான், மூணும் ஒரே எடத்துல விழணும்ங்கற கணக்குல இதுக்கு முழு மார்க். யூவியும் தூரம் வரைக்கும் போகும், உசரமான கூண்டுல அடி வரைக்கும் எட்டும்.

சிக்கல் என்னன்னா இத டிம் பண்ண முடியாது. சூட்டப் பாத்து பல்ப தானா கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட்ல மாட்டவும் முடியாது, ஆஃப் ஆனா ஆறினப்பறம்தான் திரும்ப எரியும், அப்படி ஆஃப் ஆகி ஆன் ஆகி விளையாடினா ஆயுசு போயிரும். அதனால உங்க கைல இருக்கறது தூரம் ஒண்ணுதான். சூடு ஜாஸ்தியா, பல்ப மேல தூக்கணும், தூக்கினா யூவியும் கூடவே கொறையும். யூவி பத்தலயா, கீழ இறக்கணும், இறக்கினா சூடு பொசுக்கும். ரெண்டடி உசரப் பெட்டில இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு நல்ல எடம் கிடைக்கறதே கஷ்டம். ஜனவரி மத்தியானம் ரூமே 33 டிகிரில இருக்கும்போது பல்ப அணைச்சே ஆகணும், அணைச்சா அன்னிக்கு யூவி, வெளிச்சம், சூடு எல்லாமே போச்சு, டிராகன் இருட்டுல உக்காந்திருக்கும்.

இன்னும் சில சின்ன விஷயம் இருக்கு. பீங்கான் ஹோல்டர்தான் போடணும், பிளாஸ்டிக் உருகிரும். சாய்ச்சு க்ளிப் பண்ணக்கூடாது, நேரா கீழ பாத்து தொங்கணும். ஒரே கம்பெனி ஒரே வாட்ல ரெண்டு பல்ப் வாங்கினாலும் யூவி ஒரே மாதிரி இருக்கும்னு நம்ப முடியாது, அதனால இந்த வழில போறவங்களுக்கு யூவி மீட்டர் கட்டாயம்னே நான் சொல்வேன். மீட்டர் விலை ஜாஸ்திதான், ஊர்வன வளர்க்கற கிளப்ல கேட்டா சிலர் ஒரு நாளைக்கு கடன் தருவாங்க.

கரன்டு: 160 வாட், தினம் 12 மணி நேரம், வருஷத்துக்கு சுமார் 700 யூனிட். யூனிட் 30 சென்ட்னு வச்சா 210 டாலர்.

இது சரியா வர்ற வீடு எதுன்னா, கூண்டு உசரமா பெருசா இருக்கணும், ரூம் வருஷம் பூரா குளுகுளுன்னு இருக்கணும், அதாவது பல்ப் சூட்ட அணைக்க வேண்டிய நாள் கம்மியா இருக்கணும்.

மூணாவது வழி: டி5 ட்யூப், ஹாலோஜன், டிம்மிங் தெர்மோஸ்டாட்

இதுல வேலைய பிரிச்சுக் குடுக்கறோம். யூவிக்கு நீளமான டி5 ஹை அவுட்புட் ட்யூப் (மெல்லிசான ட்யூப் லைட் வகை), சூட்டுக்கு சாதாரண ஹாலோஜன் ஃப்ளட் பல்ப், அந்த ஹாலோஜன மட்டும் ஒரு டிம்மிங் தெர்மோஸ்டாட் கட்டுப்படுத்தும்.

ட்யூப்ல ஆர்கேடியா 12 சதவீதம், ஜூமெட் ரெப்டிசன் 10.0 மாதிரி பாலைவன ஜீவனுக்குன்னு வர்றத எடுங்க. நாலடிக் கூண்டுக்கு 39 வாட், 85 செ.மீ நீளம், கூண்டோட மூணுல ரெண்டு பங்கு மூடும், மீதி ஒரு பங்கு நிழலா விட்ருங்க. ரிஃப்ளெக்டரோட, கூண்டுக்குள்ள, நடுவுல வலை கண்ணாடி எதுவும் இல்லாம, டிராகன் முதுகுக்கு 30-லேர்ந்து 38 செ.மீ மேல. கண்ணாடி யூவிபிய விடவே விடாது, அதனால ஜன்னலோரமா தொட்டிய வச்சு வெயில் படுதுன்னு நெனைக்காதீங்க, யூவி வராது, சூடு மட்டும் உள்ள மாட்டிக்கிட்டு ஏறும், அடைச்சு நிறுத்தின கார் மாதிரி ஆகி உயிருக்கே ஆபத்து. பழைய டி8 ட்யூப் விலை கம்மின்னு கை போகும், அதோட யூவி பலம் கம்மி, ரொம்பக் கிட்ட வைக்கணும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவ மாத்தணும். டி5 ஒரு வருஷம் வரும், கணக்குப் பாத்தா டி8 மலிவே இல்ல.

ஹாலோஜன ஏன் சொல்றேன்னா, சூரியன்லேர்ந்து வர்ற மாதிரி தோலத் தாண்டி உள்ள எறங்கற அகச்சிவப்பு அதுலதான் நல்லா வரும். வெளிச்சம் இல்லாத செராமிக் பல்ப் மேல்தோலையும் காத்தையும்தான் சுட வைக்கும், பகல் வெயிலுக்கு அது மாற்று இல்ல. ஃப்ளட் டைப் எடுங்க, ஸ்பாட் டைப் எடுத்தா வட்டம் சின்னதா விழுந்து ஒரே எடத்துல சுடும். பெரிய டிராகனுக்கு 100 வாட் ஒண்ண விட 50 வாட் ரெண்டு பக்கத்துல பக்கத்துல வச்சா உடம்பு பூரா சீரா காயும், எங்க வீட்ல இப்ப அப்படித்தான். பல்ப் கூண்டுக்குள்ள இருந்தா கம்பிக்கூடு போட்டே ஆகணும், இவங்க தாவுவாங்க.

தெர்மோஸ்டாட் வாங்கும்போது டிம்மிங்னு எழுதியிருக்கான்னு பாருங்க. ஆன் ஆஃப் டைப்ல ஹாலோஜன மாட்டினா நாள் பூரா அணைஞ்சு அணைஞ்சு எரியும், பல்ப் சீக்கிரம் போகும், டிராகன் மிரளும்.

இதுல எனக்குப் பிடிச்சதே அந்த நாலாவது விஷயம்தான். ஜனவரில ரூமே சூடா இருந்தா தெர்மோஸ்டாட் ஹாலோஜன மங்கலாக்கிரும், தேவைப்பட்டா முழுசா கொறைச்சிரும், ட்யூப் பாட்டுக்கு எரியும், யூவி ஒரு துளி கொறையாது. ஜூலைல அதே பல்ப் முழு பலத்துல எரியும். கைய வைக்க வேண்டியதே இல்ல.

செலவுன்னு பாத்தா முதல் நாள் இதுதான் மூணுலயும் பெருசு, ட்யூப், ஃபிட்டிங், தெர்மோஸ்டாட் மூணும் தனித்தனியா வாங்கணும், தெர்மோஸ்டாட்தான் கண்ண உறுத்தும். கரன்டு ட்யூப் 39 வாட்டுக்கு வருஷம் 51 டாலர், ஹாலோஜன் 75 வாட்டுன்னு வச்சா முழு பலத்துல எரிஞ்சாலும் 99 டாலர், சேத்து 150, டிம் ஆகறதால நெஜத்துல இன்னும் கம்மியா வரும். ஹாலோஜன் ஆயுசு 2000 மணி நேரம்னு போட்டிருந்தா தினம் 12 மணிக்கு அஞ்சரை மாசம், அதனால ஸ்பேர் ஒண்ணு எப்பவும் வீட்ல இருக்கட்டும், ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் அது பியூஸ் போகும்.

இது ஒத்துவராத எடமும் இருக்கு. ஆறடி உசரக் கூண்டுல மேல மாட்டின ட்யூப் கீழ வரைக்கும் எட்டாது, காயற கட்டைய உசத்தி ட்யூப் பக்கம் கொண்டுபோகணும், இல்லன்னா ட்யூப கீழ தொங்கவிடணும்.

பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா

| | கடை கிட் | எம்விபி | டி5 + ஹாலோஜன் |
|---|---|---|---|
| காயற எட சூடு | ஓரளவு, வட்டம் சின்னது | வரும், தூரத்த மாத்தி மாத்தி | வரும், தானா நிக்கும் |
| யூவி | பத்தாது | பலமா, பல்புக்கு பல்பு மாறும் | சீரா, அகலமா |
| சூடும் யூவியும் ஒரே எடத்துல | வச்சாலும் வட்டம் சின்னது | எப்பவும் | பக்கத்துல பக்கத்துல மாட்டினா |
| 40 டிகிரி நாள்ல | சூடு பல்ப அணைக்கலாம் | அணைச்சா எல்லாம் போச்சு | ஹாலோஜன் மட்டும் மங்கும் |
| முதல் நாள் செலவு | கம்மி | நடுத்தரம் | ஜாஸ்தி |
| வருஷ கரன்ட் | மூணாவதுக்கு கிட்டத்தட்ட | சுமார் 210 டாலர் | 150 டாலருக்குள்ள |
| திரும்ப வாங்கறது | கிட்டத்தட்ட எல்லாம் | பல்ப், ஒரு வருஷத்துக்குள்ள | ட்யூப் வருஷம் ஒண்ணு, ஹாலோஜன் ரெண்டு மூணு |

எந்த வழில போனாலும் மேல ஒரு 6500 கெல்வின் (பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளை) எல்இடி பட்டை சேத்துக்குங்க, பாலைவனப் பகல் வெளிச்சத்துக்கு முன்னாடி நம்ம பல்பெல்லாம் மங்கல்தான், எல்இடி போட்ட அன்னிலேர்ந்து கருப்பு காலைல சீக்கிரம் எந்திரிக்க ஆரம்பிச்சான்.

ராத்திரிச் சூடு

இதுக்கு நெறைய பேர் தேவையில்லாம செலவு பண்றாங்க. பாலைவனத்துல ராத்திரி குளிரும், உடம்பு நல்லா இருக்கற பெரிய டிராகனுக்கு அந்த இறக்கம் நல்லதுதான். கூண்டுக்குள்ள 18 டிகிரிக்குக் கீழ போகலன்னா ராத்திரி எதுவும் வேண்டாம். போச்சுன்னா வெளிச்சம் இல்லாத செராமிக் பல்ப், கரன்ட விட்டு விட்டு குடுக்கற பல்ஸ் தெர்மோஸ்டாட்டோட. டீப் ஹீட் ப்ரொஜெக்டர்னு ஒண்ணு வருது, அதுவும் வெளிச்சம் இல்லாததுதான், சூடு இன்னும் கொஞ்சம் ஆழமா எறங்கும், விலை கூட. எங்க வீட்ல ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் மட்டும் செராமிக் ஓடும். குட்டியா இருந்தாலோ உடம்பு முடியலன்னாலோ 18 வரைக்கும் விடாதீங்க, இன்னும் கொஞ்சம் மேலயே வைங்க.

வெளிய நெஜ வெயில்

எந்த பல்பும் இதுக்கு ஈடு இல்ல. ஆனா மெல்பர்ன்ல மே மாசத்துலேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் யூவி இன்டெக்ஸ் பொதுவா 3-ஐத் தாண்டாது, வெளிய இருக்கற குளிர்ல அது வெயில் காயவும் முடியாது, அதனால வெயில நம்பி ட்யூப விட முடியாது. கோடைல காலை வெயில்ல அரை மணி நேரம், கம்பிக் கூண்டுல, பாதி நிழலோட, நீங்க பக்கத்துல உக்காந்து. கண்ணாடித் தொட்டியோட வெளிய தூக்கி வைக்கவே வைக்காதீங்க.

அப்ப அந்த ரெண்டு வீடு?

கிட் வாங்கினவர் டப்பாவப் பிரிக்காததால திருப்பிக் குடுத்துட்டார், நாலடி மரக்கூண்டு, 39 வாட் ட்யூப், ரெண்டு 50 வாட் ஹாலோஜன், தெர்மோஸ்டாட் வாங்கியாச்சு. டிராகன் வர்றதுக்கு முன்னாடி மூணு நாள் காலி கூண்டுலயே ஓட்டிப் பாக்கச் சொன்னேன், காயற எடத்த டெம்பரேச்சர் கன்னாலயும் மறுகோடிய டிஜிட்டல் ப்ரோபாலயும் அளந்து. வட்ட முள்ளு வச்ச ஸ்டிக்கர் மீட்டர நம்ப வேண்டாம்னும் சொன்னேன். ட்யூப் ஓரத்துல மார்க்கர்ல மாட்டின தேதி எழுதியிருக்கார், ஏன்னா யூவி தீந்துபோன ட்யூபும் கண்ணுக்கு அதே வெளிச்சத்துலதான் எரியும்.

இன்னொரு வீட்ல நானே ட்யூப்தான்னு சொல்லப் போனேன், போய்ப் பாத்தா பழைய வார்ட்ரோப கூண்டா மாத்தி வச்சிருக்காங்க, ஆறடி உசரம், உள்ள கிளை கிளையா ஏற எடம், அந்த ரூம் தெக்க பாத்தது, இந்த ஊர்ல தெக்கு ஜன்னல்ல வெயில் பெருசா எட்டிப் பாக்காது, டிசம்பர்லயும் அங்க ஜில்லுன்னு இருக்கும்னு அந்தக்கா சொன்னாங்க. அவங்களுக்கு எம்விபிதான் சரின்னு சொல்லிட்டு வந்தேன், 40 டிகிரி அடிக்கற அந்தக் கொஞ்ச நாள் மட்டும் பல்ப அணைச்சுட்டு காலை வெயில்ல வெளிய கூட்டிட்டுப் போகணும். பீங்கான் ஹோல்டர் வந்துருச்சு, கிளப்ல மீட்டரும் கேட்டு வச்சாச்சு, தொங்கவிட செயின் மட்டும் இன்னும் வாங்கல, சனிக்கிழமை போய் நான்தான் மாட்டணும்.